உன் அப்பாவின் சைவம்

ராசா,

ஹட்டனில் குளிர் எப்படி, மழை எப்படி என்று கேட்டுத் தொடங்கும் மனநிலையில் இன்று நான் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். புடவைக் கடையில் நிழலில் நின்று செய்கிற வேலை, முதலாளி வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பாடு, உனக்கென்ன குறை. எனக்கும் பெரிய குறை ஒன்றும் இல்லை, மழை வருவதற்கு முந்தியே முழங்கால் மட்டும் சேதி சொல்லிவிடுகிறது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஒன்று தூங்கினால் ஒன்று விழிக்கிறது. எழுந்து போய் ஆட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் எனக்குக் கொடுத்து வைத்தது. நான் விட்டு விட்டு எழுதினாலும் நீ இதை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும்.

நானுஓயாவில் நீ செய்துவிட்டு வந்த காரியத்தை இத்தனை நாளும் மனதுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தேன். பரிசம் போடப் போன வீட்டில், நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பெண் புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டு கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நீ வாங்கி மூக்குக்கு நேரே பிடித்து, "மீன் வாடை அடிக்குதே" என்று சொல்லிக் கீழே வைத்தாய். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது எனக்கே. அதோடு விட்டாயா, ஹட்டனுக்குப் போய் ஆள் வழியாகச் சொல்லி அனுப்பினாய். கலியாணத்தன்று முதல் அவள் மீனும் இறைச்சியும் தொடக் கூடாது, கருவாடு வீட்டு வாசலுக்கே வரக் கூடாது, சம்மதம் என்றால் மேற்கொண்டு பேசலாம் என்று. கேட்டால், "அப்பா சைவம், நானும் சைவம், அப்பா பேரைக் காப்பாற்ற வேண்டாமா" என்கிறாய். அவர் பேரைச் சொன்னதால்தான் இந்தக் கடிதமே. அவர் எப்படிச் சைவமானார் என்பது உனக்குத் தெரியாது. தோட்டத்து டாக்டரையா சொல்லி அவர் கறியை விட்டார் என்றுதான் நீயும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிற இந்த லயத்துக் காம்பராக்களில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அவர் கவ்வாத்துக்காரர் என்பது உனக்குத் தெரியும். தேயிலைச் செடியை இடுப்பளவில் சீராக வெட்டிவிடுவதில் இந்த அக்கரப்பத்தனை வட்டாரத்திலேயே அவர் கைக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு மலையில் கவ்வாத்து தொடங்குவதற்கு முதல் நாள் ஆண்கள் எல்லாம் சேர்ந்து, மலையடியில் மரத்துக்குக் கீழே இருக்கிற கல்லுக்கு மாலை போட்டு, கத்திகளை வரிசையாக வைத்து, கவ்வாத்துச் சாமிக்குக் கிடா வெட்டுவார்கள். கத்தி யார் காலிலும் படக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். கறியை அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, வீட்டுக்கு வீடு பங்கும் வரும். வருஷத்தில் தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் இதற்கும்தான் லயத்தில் ஆட்டுக்கறி மணக்கும். அதனால் பங்கு வரும் நாளில் பிள்ளைகள் எல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கிடாவை வெட்டுவது உன் அப்பாதான். ராசியான கை என்று பெரிய கங்காணி அவரைத்தான் கூப்பிடுவார்.

வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. எங்கள் தோட்டத்தில் துரை மட்டும் அப்படியே குதிரையில் வந்துகொண்டுதான் இருந்தான். நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து திரிந்தாய். அந்த முறை சாமிக்கு நேர்ந்த கிடா நம் வீட்டில் வளர்ந்தது. கருத்த கிடா, நெற்றியில் மட்டும் வெள்ளை. குட்டியிலே தாயை இழந்தது, நான் துணியை நனைத்துப் பால் கொடுத்தேன். வளர்ந்த பிறகு அது என்னை மதிக்கவே மதிக்காது, உன் அப்பா பின்னால்தான் சுற்றும். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும். கணக்கப்பிள்ளை, "இதுக்கும் ஒரு பேர் போடவா?" என்று கேட்டுச் சிரிப்பாராம். மாலையில் அவர் வேலை முடிந்து வரும் பாதையில் பாதி தூரம் இறங்கிப்போய் நிற்கும். நேர்ந்த கிடா என்று தெரிந்துதான் வளர்த்தோம். தெரிந்திருந்தாலும் வளர்க்கிற கை சும்மா இருக்குமா, தடவத்தானே செய்யும்.

சாமி கும்பிட்ட அன்று அவர் பங்குக் கறியோடு வந்தார். நான் சமைத்தேன். நீ முதலில் கிடாவைக் காணவில்லை என்று அழுதாய், பிறகு எல்லாருக்கும் முந்தித் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு துண்டு கேட்டாய். பெரிய சைவக்காரன் ஆகிவிட்டாயே, அதனால்தான் ஞாபகப்படுத்துகிறேன். அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார், ஒரு கவளம் பிசைந்தார், அப்படியே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். "வயிறு சரியில்ல புள்ள" என்றார். மறுநாளும் வயிறு சரியில்லை. தீபாவளிக்கும் வயிறு சரியில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் துருவித் துருவிக் கேட்டபோது, "டாக்டரையா கறி மீன் தொடக் கூடாதுன்னுட்டாரு" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார். அடுத்த கவ்வாத்துக்குப் பெரிய கங்காணி வந்து கூப்பிட்டபோது அந்தப் பொய் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. "ரத்தத்தப் பாத்தாலே வயித்து நோவு கூடுமாங்க" என்றார். கங்காணி ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டுப் போனார். உன் அப்பா ஒரு பூசணிக்காயை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்க் கல்லுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். அதிலிருந்து, கறியை விட்டு முட்டைக்கோவா தின்கிறவர் என்று லயத்தில் அவருக்குக் 'கோவா மாமா' என்று பெயர் விழுந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார், கோபப்பட மாட்டார்.

ஆனால் சைவம் என்றால் சும்மா இல்லை, ராசா. கறியை நிறுத்தினால் உடம்பு தானாகத் தேறிவிடும் என்று முதலாளி வீட்டில் யாராவது உனக்குச் சொல்லியிருந்தால் அதை நம்பாதே. எனக்கு அப்போது சமைக்கத் தெரிந்ததெல்லாம் கருவாட்டுக் குழம்பும் தேங்காய்ச் சம்பலும்தான். அவருக்கென்று தனியாக ரசத்தைக் கரைத்து ஊற்றினேன், ரொட்டியைச் சுட்டு மிளகாயை அரைத்து வைத்தேன். மனுஷன் ஒட்டி உலர்ந்து போனார். கத்தி பிடிக்கிற கை நடுங்க ஆரம்பித்தது. கடைசியில் உண்மையிலேயே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரையா யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் ஏசினார். "இறைச்சியை விட்டது நல்லது பிள்ளை. ஆனா அந்த இடத்திலை வேறை என்ன வைச்சனீர்? பருப்பு வேணும், பயறு வேணும், கீரை வேணும். வெறும் சோறும் சம்பலும் காணாது" என்றார். இவருக்கு ஒரே சந்தோஷம். வெளியே வந்ததும், "கேட்டியா புள்ள, கறிய விட்டது நல்லதுன்னு டாக்டரையாவே சொல்லிட்டாரு" என்றார். சொன்ன பொய் மெய்யாகிவிட்டது பார்.

அதற்குப் பிறகுதான் லயத்துக்குப் பின்னால் இருந்த கல்லும் முள்ளுமான துண்டு நிலத்தைக் கொத்தினார். உனக்கு அந்தத் தோட்டம் ஞாபகம் இருக்கும். பீன்ஸ் கொடி, கோவா, நோக்கோல், வேலியோரம் பொன்னாங்காணி, ஈரத்தில் வல்லாரை. காலைப் பனியில் கோவா இலையில் நீர் நிற்பதை நீ குச்சியால் தட்டிவிட்டுத் திரிவாய். பயறை ஊறவைத்து முளைகட்டி அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுத் தருவேன், நீ பள்ளிக்கூடத்துக்குச் சட்டைப்பையில் அள்ளிக்கொண்டு போவாய், சட்டை ஈரமாகிவிடும். ஒரு வருஷத்தில் அவர் வயிற்றெரிச்சல் போயிற்று. இரவில் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பாரே, அது நின்றுவிட்டது. மலச்சிக்கல் என்று மூக்கால் அழுதவர் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், படித்துத் தெரிந்ததை அல்ல. இந்தப் பிள்ளைக்காம்பராவில் பருப்பும் கீரையும் மசித்துக் கொடுத்து வளர்த்த பிள்ளைகள் எப்படித் திமிறுகிறார்கள் என்று வந்து பார், ஒன்றைத் தூக்கினால் என் இடுப்பு போய்விடுகிறது.

இதையெல்லாம் சொல்கிறபோது நான் என்ன சாப்பிட்டேன் என்று நீ யோசிக்க வேண்டும். நான் கருவாடுதான் சாப்பிட்டேன். அதே காம்பராவில், அதே அடுப்பில். கருவாடு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அவர் ஒரு நாளும் மூக்கைச் சுளித்ததில்லை. சம்பளத்துக்கு மறுநாள் கடைக்குப் போனால் எனக்கென்று நெத்தலிக் கருவாடு ஒரு பொட்டலம் அவரேதான் வாங்கி வருவார். எனக்கே வெட்கமாகிவிட்டது. "ஏங்க, ஒங்களுக்கு நாத்தமா இல்லையா? வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நா விட்டுருவேன்ல?" என்று ஒரு நாள் கேட்டேன். கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார். "காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் ஒன் தலைக்கு மேல ஒரு கங்காணி நிக்கிறான். வூட்டுல ஒன் நாக்குக்கும் ஒரு கங்காணி வேணுமா?" அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஏனோ அழுகையும் வந்தது. அந்த மாதிரி மனுஷனோடு வாழ்ந்தவள் நான், ராசா. அவர் போன பிறகு இந்தக் காம்பராவில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் நான் படுகிற பாடு உனக்குத் தெரியாது.

நான் விட்டது உன்னால். உனக்கு அம்மை போட்டதே, அந்தக் காலத்தில் வீட்டில் கவிச்சி ஆகாது, தாளிக்கக்கூட மாட்டோம். உனக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். மாரியம்மன் புண்ணியத்தில் அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, பக்கத்துக் காம்பரா அக்கா, "இனிமே அடுப்புல கருவாடு போடலாம்டி" என்றாள். டின்னைத் திறந்தேன். வாசம் அதே வாசம்தான். ஆனால் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அப்படியே டின்னோடு அவளுக்குக் கொடுத்துவிட்டேன். அன்று மாலை அவர் வந்து ரசத்தையும் கீரையையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் போட்டதைத் தின்று வளர்ந்தவன் நீ, அதனால் நீயும் சைவமானாய். உன்னை யாரும் ஆக்கவில்லை, எனக்கும் யாரும் உத்தரவு போடவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கிடா விஷயத்தை அவர் என்னிடம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்கப் போய், அந்த மலையடியில் சுமையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கிடாவை வெட்டுவதற்கு முன்னால் அதன் மேல் தண்ணீர் தெளிப்பார்கள் அல்லவா. அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு, துலுக்காத கிடாவை வெட்டக் கூடாது. அன்று தெளித்தார்களாம், அது துலுக்கவில்லை. மறுபடி ஊற்றினார்கள். நல்ல பனி, தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்திருக்கும். அப்போதும் அது அசையாமல் நின்று, கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து இவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டதாம். இவர் கையில் கத்தி. நேரமாகிறது, மறுநாள் துரை வந்து நிற்பான், அடுப்பு வேறு மூட்டியாகிவிட்டது. பெரிய கங்காணிதான், "காதுக்குள்ள கொஞ்சம் ஊத்துங்கப்பா, தன்னால துலுக்கும்" என்றாராம். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடுதான் தலையை உதறாது. உதறியது. எல்லாரும் உத்தரவு கிடைத்துவிட்டது என்று சத்தம் போட்டார்கள். இவர் வெட்டினார்.

"அது வேணாமுன்னுச்சு புள்ள. நாங்கதான் அத வேணும்னு சொல்ல வச்சோம்" என்றார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் கங்காணியைப் பொய்யன் என்றதாகும், சாமி குத்தம் என்பார்கள், அந்த வருஷம் யார் காலிலாவது கத்தி பட்டால் தன் தலையில்தான் விடியும் என்றார். அதனால்தான் டாக்டரையாவைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். "அன்னிக்கித்தான் யோசிச்சேன். மத்த கிடாவெல்லாம் துலுக்குச்சே, அதெல்லாம் வேணும்னா துலுக்குச்சு? குளிருக்குத்தானே துலுக்குச்சு." அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் எதையும் எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. வாயில்லாத ஒன்று வாழத்தான் ஆசைப்படுகிறது, அதைத் தின்னாமலே எனக்கு வயிறு நிறைகிறது, பிறகு எதற்கு அதை வெட்ட வேண்டும். எனக்கு இது போதும். நீ கடைசி வரைக்கும் சைவமாக இரு, உன் பிள்ளைகளுக்கும் பருப்பும் கீரையும் ஊட்டு, எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

ஆனால் நானுஓயாவில் நீ காட்டியது இந்தச் சைவம் இல்லை, ராசா. அது முதலாளி வீட்டில் கற்றுக்கொண்டது. அவர்கள் நல்லவர்கள்தான், பரம்பரையாக அப்படியே வளர்ந்தவர்கள். லயத்து ஆட்கள் கடைக்குள் வந்தால் கொஞ்சம் தள்ளி நின்று பேசுவார்கள், நான் வந்தபோதும் பார்த்திருக்கிறேன். அந்தத் தள்ளி நிற்பது உனக்கும் வந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அப்பா ஒரு ஆட்டுக்காக இரங்கித் தன் வாயைக் கட்டினார். நீ ஒரு பெண்ணின் வாயைக் கட்டப் பார்க்கிறாய். பெயர் மட்டும் ஒன்று, சைவம்.

போன ஞாயிறு நான் நானுஓயாவுக்குப் போய் வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. பஸ் பிடித்துத் தலவாக்கலைக்குப் போய் அங்கே ரயில் ஏறினேன். புஷ்பத்தின் அப்பா ஸ்டேஷனில் சாமான் இறக்குகிறவர், கொழும்பிலிருந்து வருகிற மீன் பெட்டிகளை இறக்குவதும் அவர்தான். தாயில்லாத பிள்ளையை அந்தக் கையால் வளர்த்தவர். கடுகடுப்பார் என்று நினைத்துத்தான் போனேன். "வா தங்கச்சி" என்று உட்கார வைத்தார். தன் கைகளை விரித்துக் காட்டி, "மாப்புள்ள சொன்னதுல பொய் ஒன்னுமில்ல. மீன் பொட்டி தூக்குற கை, சோப்பு போட்டாலும் வாடை போக மாட்டேங்குது. ஆனா எம் மக அன்னையில இருந்து சரியாச் சாப்பிடல. அதத்தான் என்னால தாங்க முடியல" என்றார். "அண்ணே, அவன் சின்னப் புத்தியில பேசிட்டான்" என்று மட்டும் சொன்னேன்.

என்னை ரயில் ஏற்றிவிட அந்தப் பெண்தான் கூட வந்தாள். பிளாட்பாரத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. நானே பேச்சை எடுத்தேன். "ஒனக்குப் புடிச்சதச் சாப்பிடு தாயி. நானே சமைச்சுத் தாரேன். அவன் கிடக்கான்" என்றேன். அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு, நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய், உன் முன்னால் அவள் எங்கே நிமிர்ந்தாள். "மீன விடுறது எனக்குப் பெரிய காரியமில்ல அத்த. மாமா கத எல்லாம் எங்கப்பா கேள்விப்பட்டிருக்காரு, நல்ல மனுசன்னு சொல்லுவாரு. நா விட்டுருவேன்" என்றாள். அப்புறம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். ரயில் சத்தம் தூரத்தில் கேட்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

"கலியாணம் முடிஞ்ச பெறகு எங்கப்பா என்னையப் பாக்க வருவாரு அத்த. அவரு கையில வாடை அடிக்கும். அவர உள்ள கூப்புடுவாங்களா, வாசல்லயே நிக்க வச்சுருவாங்களா?"

ரயில் வந்துவிட்டது, நான் ஏறிவிட்டேன். வழி நெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேனே தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. உன்னைப் பெற்றவள் நான், என் மகன் அப்படிச் செய்ய மாட்டான் என்று அந்த இடத்திலேயே அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். என்னால் சொல்ல முடியவில்லை. அவள் அங்கே இன்னும் பதில் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறாள். நீ போய்ச் சொல்.

உன் அம்மா